கடலுக்குள் ஒரே ஒரு ஸ்வரம்: மிச்சம் யார் கணக்கில்?

தலைப்பைப் பார்த்து கர்நாடக சங்கீதம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். ஆழம் குறைந்த கடலில் ஒலியை அனுப்பும் ஒரு வித்தை பற்றிய பதிவு இது. பி.காம். படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைசியில் இது ஒரு வரவு செலவுக் கணக்கு. அதுவும் தப்பான பேரேட்டில் எழுதப்படுகிற கணக்கு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் கொஞ்சம் இயற்பியல். (பயப்பட வேண்டாம், சமன்பாடு கிடையாது. கணக்குப் போட்டதெல்லாம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் அறைத்தோழன். கால்குலேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.)

ஆழ்கடலில் ஒலிக்கு இடம் தாராளம். கீழே போய், வளைந்து, மெதுவாக மேலே வரும். கரையை ஒட்டிய கடலில், அதாவது சுமார் 200 மீட்டர் ஆழம் வரை உள்ள கண்டத்திட்டுப் பகுதியில், அந்தச் சொகுசு கிடையாது. மேலே நீர்ப்பரப்பு, கீழே மணல் அல்லது சேறு. இரண்டிலும் மோதி மோதித்தான் முன்னேற வேண்டும். இப்படி மோதிக்கொண்டே போகிற ஒலி தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. குறிப்பிட்ட சில வடிவங்களில்தான் போக முடியும். அந்த வடிவங்களுக்குத்தான் 'மோடு' என்று பெயர்.

ஒரு வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தந்தியும் ஒரே வளைவாக அதிரலாம். நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நிற்க, இரண்டு பாதிகளும் எதிரெதிராக அதிரலாம். மூன்று துண்டாக, நான்கு துண்டாக என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தந்தியை இப்போது செங்குத்தாக நிறுத்தி, மேல் நுனியை நீர்ப்பரப்பிலும் கீழ் நுனியைக் கடல்தரைக்குப் பக்கத்திலும் வையுங்கள். முதல் மோடில் நடு ஆழத்தை ஒட்டி ஒரு வீக்கம். இரண்டாவதில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடையில் ஓர் அமைதிப் புள்ளி. நீர்ப்பரப்பில் எல்லா மோடுக்கும் சுழியம்தான். கீழ் நுனி மட்டும் தந்தி மாதிரி இறுகக் கட்டப்பட்டதல்ல. கொஞ்சம் வால் சேற்றுக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆழம் குறைந்த கடலில் வெடிச்சத்தம் ஏன் அப்படி இழுபட்டு இழுபட்டுக் கேட்கிறது என்பதை 1948-ல் பெக்கெரிஸ் என்பவர் இந்த மோடுகளை வைத்து விளக்கினார். அவருடைய மாடல் ரொம்ப எளிமையானது. மேலே ஒரு நீர் அடுக்கு, கீழே அதைவிட வேகமாக ஒலி போகும் இன்னொரு அடுக்கு, அவ்வளவுதான். 100 மீட்டர் ஆழம், நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1500 மீட்டர், தரையில் 1700 மீட்டர் என்று போட்டுப் பார்த்தோம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 6 மோடுகள் வருகின்றன. 400 ஹெர்ட்ஸுக்கு 25. சுமார் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுகூடக் கிடையாது, அந்தக் கடல் அவ்வளவு தடித்த ஸ்வரத்தை ஏற்றுக்கொள்வதே இல்லை.

இந்த 25 பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பதுதான் விஷயம். முதல் மோடு கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் போகும், தரையை லேசாக உரசும், செலவு குறைவு. 25-வது மோடு மேலும் கீழுமாகச் செங்குத்தாக மோதிக்கொண்டே போகும். ஒவ்வொரு மோதலிலும் தரை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். போதாததற்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் போகும். ஒரே நேரத்தில் கிளம்பிய சுற்றுலாக் கோஷ்டி வெவ்வேறு பஸ்ஸில் ஏறின மாதிரி, நீங்கள் அனுப்பிய ஒரு 'டக்', பத்து கிலோமீட்டர் தள்ளி 'டரரரக்' என்று வந்து சேரும். செய்தி அனுப்புகிறவருக்கு அது குழப்பம். எதிரொலி தேடுகிறவருக்கும் குழப்பம்.

சாதாரணமாக ஒரே ஒரு ஒலிபெருக்கியைக் கடலில் இறக்கினால் என்ன ஆகும்? எல்லா மோடும் கொஞ்சம் கொஞ்சம் கிளம்பும். எந்த ஆழத்தில் தொங்கவிடுகிறோமோ, அந்த ஆழத்தில் எந்த மோடு வீங்கியிருக்கிறதோ அதற்குப் பங்கு அதிகம். அமைதிப் புள்ளியில் வைத்தால் அந்த மோடு கிளம்பவே கிளம்பாது. ஆனால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்ற 24-ஐயும் உட்கார வைக்க ஒரு ஒலிபெருக்கியால் முடியாது.

இங்கேதான் வரிசை வருகிறது. ஒரு வடத்தில் மேலிருந்து கீழ் வரை இருபது, முப்பது ஒலிபெருக்கிகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கயிறு இழுக்கும் போட்டிக் கயிற்றை இருபது பேர் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தனக்குச் சொன்ன அளவு மட்டும் ஏற்றி இறக்கினால் கயிறு முழுக்க நாம் விரும்பிய ஒரே வளைவு வரும் அல்லவா, அதே யுக்தி. முதல் மோடு வேண்டுமா? நடு ஒலிபெருக்கிகள் பலமாக, ஓரத்தில் இருப்பவை மெதுவாக. இரண்டாவது வேண்டுமா? மேல் பாதி தள்ளும்போது கீழ் பாதி இழுக்க வேண்டும். இப்படிச் செய்தால் வேண்டிய மோடில் எல்லாருடைய உழைப்பும் கூடும். மற்ற மோடுகளின் கணக்கில் பற்றும் வரவும் சமமாகி இருப்பு சுழியமாகிவிடும். ஐந்தொகை டாலி ஆகும்போது வரும் அதே சந்தோஷம் எனக்கு இங்கே வந்தது என்றால் நம்ப வேண்டும்.

ஆய்வகத் தண்ணீர்த் தொட்டியில் இதை 1980-களின் தொடக்கத்திலேயே செய்து காட்டிவிட்டார்கள். கடலில் கதை வேறு. நீரோட்டம் வடத்தைச் சாய்த்துவிடும். கோடையில் மேல்நீர் சூடாகி ஒலியின் வேகமே ஆழத்துக்கு ஆழம் மாறும், அதோடு மோடுகளின் வடிவமும் மாறும். மோடுகளின் எண்ணிக்கையை விட ஒலிபெருக்கிகள் குறைந்தால் ஒழுகல். சேற்றுக்குள் நீளும் வாலுக்கு எந்த ஒலிபெருக்கியையும் கட்ட முடியாது, அங்கேயும் ஒழுகல். கரையில் உட்கார்ந்து காகிதத்தில் போட்ட அளவுகள் தண்ணீரில் இறங்கியதும் செல்லாக்காசாகிவிடலாம். 1990-களில் ஜான் பக் என்ற ஆய்வாளர், கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கேட்கும் வரிசையையும் வைத்து, அங்கே வந்து சேருவதைப் பார்த்துப் பார்த்து இங்கே அளவைத் திருத்தும் பின்னூட்ட முறையைத் தன் ஆய்வில் எடுத்துக்கொண்டார். சமையலில் உப்பு பார்க்கிற மாதிரி.

இதே மாதிரிச் செங்குத்து வரிசையை வைத்து இன்னொரு அழகான சோதனை 1996 ஏப்ரலில் மத்தியதரைக் கடலில் நடந்தது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் வில்லியம் கூப்பர்மனும், இத்தாலியின் லா ஸ்பெட்ஸியாவில் இருந்த நேட்டோவின் கடலடி ஆய்வு மையமும் சேர்ந்து செய்தது. 125 மீட்டர் ஆழத் தண்ணீரில் 77 மீட்டர் நீளத்துக்கு 20 ஒலிபெருக்கிகளும் அவற்றோடு கேட்பான்களும். 6.3 கிலோமீட்டர் தள்ளி ஒரு கருவி 50 மில்லிவினாடி நேரம் ஒரு ஒலியை எழுப்பியது. வந்து சேர்ந்த சிதறலை வரிசை பதிவு செய்து, அப்படியே காலத்தில் தலைகீழாகத் திருப்பி அனுப்பியது. கடைசியில் வந்த பஸ் முதலில் கிளம்பியது. எல்லா மோடும் ஒரே நேரத்தில் கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போய்க் குவிந்தன. கண்டிப்பாகச் சொன்னால் இது ஒரே மோடைத் தேர்ந்தெடுப்பதல்ல, எல்லா மோடையும் ஒத்துழைக்க வைப்பது. ஆனால் சொல்லும் சேதி ஒன்றுதான். ஆழம் குறைந்த கடலில் சத்தம் எங்கே போக வேண்டும் என்பதை இனி நாம் தீர்மானிக்கலாம்.

சரி, இப்போது வரவு செலவு.

அறைத்தோழனின் வாதம் இது. "பாருடா, ஒரு ஒலிபெருக்கி வச்சு கத்தினா பாதி சக்தி உருப்படாத மோடுக்குப் போய் சேத்துல கரையுது. முதல் மோடை மட்டும் கிளப்பினா அந்த தண்டச் செலவு மிச்சம். குறைஞ்ச சத்தத்துல அதே வேலை. மீனுக்கும் நல்லது, திமிங்கிலத்துக்கும் நல்லது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

எங்கள் முதல் வருடப் பொருளாதாரத்தில் ஜெவன்ஸ் என்று ஒருவர் வருவார். 1865-ல் நிலக்கரி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு குறைய வேண்டும் அல்லவா, குறையவில்லை, கூடியது என்றார். சிக்கனம் பொருளை மலிவாக்கியது, மலிவானதும் ஜனங்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தினார்கள். லிட்டருக்கு அதிக மைலேஜ் தரும் பைக் வாங்கியவன் பெட்ரோலையா மிச்சம் பிடிக்கிறான், ஊர் சுற்றுகிறான். ஒற்றை மோடு விஷயத்திலும் இதேதான் நடக்கும் என்பது என் பயம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, தேவையில்லாத மோடுகளை வெட்டியதில் பாதி சக்தி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். டெசிபல் பாஷையில் 3 டெசிபல். இதைச் செலவழிக்க இரண்டு வழி. ஒன்று, கப்பலில் சத்தத்தைப் பாதியாகக் குறைப்பது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் அதே அளவு கேட்கும், கப்பலைச் சுற்றி இருக்கும் உயிர்களுக்குப் பாதிச் சத்தம். இரண்டாவது வழி, சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டுவது. இங்கேதான் கடலின் வடிவம் விளையாடுகிறது. ஆழ்கடலின் தொடக்கத்தில் ஒலி பந்து மாதிரிப் பரவும். ஆழம் குறைந்த கடலில் மேலும் கீழும் தடுப்பு இருப்பதால் தோசை மாதிரிதான் பரவும். தோசை மாதிரிப் பரவும்போது செறிவு தூரத்துக்கு ஏற்ப மட்டுமே குறையும். அதனால் பாதி சக்தியின் மிச்சம் தூரத்தை இரட்டிப்பாக்கும். தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. 10 கிலோமீட்டர் வட்டம் 314 சதுர கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் வட்டம் 1256. (உண்மையில் தரையும் நீரும் வழியில் கொஞ்சம் விழுங்கும், அதனால் முழு நான்கு மடங்கு வராது. திசை மாறாது.)

அதாவது சக்தியில் பாதியை மிச்சம் பிடிக்கும் அதே கண்டுபிடிப்பு, சத்தம் கேட்கும் கடலை நான்கு மடங்காக்கவும் முடியும். மின்சாரக் கணக்கில் பார்த்தால் இரண்டாவது வழியில் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. கணக்கில் எதுவுமே தெரியாது. இதைத்தான் தப்பான பேரேடு என்றேன். மூல ஒலியின் அளவு என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதுகிற பேரேட்டில், 1256 சதுர கிலோமீட்டர் எங்கேயும் பதிவாகாது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. மோடைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஆழத்தையும் தேர்ந்தெடுப்பது. முதல் மோடு என்றால் நடு ஆழத்தில் சத்தம் பலம், நீர்ப்பரப்பை ஒட்டி மெலிவு. கோடையில் மேல்நீர் சூடாகிவிட்டால் முதல் மோடு கீழே இருக்கும் குளிர்ந்த அடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்போது தரையை ஒட்டி வாழ்பவைதான் கேட்க வேண்டும். ஒற்றை ஒலிபெருக்கி கத்தியபோது யார் காதில் விழும் என்பது பெரும்பாலும் தற்செயல். இருபது ஒலிபெருக்கி வரிசையில் அது ஒரு முடிவு. முடிவு எடுத்தவர் இருந்தால் பொறுப்பும் இருக்க வேண்டும் அல்லவா.

ஏதோ திமிங்கிலப் பாசத்தில் புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே லா ஸ்பெட்ஸியா மையம், அதே வருடம், ஒரே மாதம் கழித்து. 1996 மே மாதம் கிரீஸின் கிபாரிசியாகோஸ் வளைகுடாப் பக்கம் அவர்கள் ஒரு சோனார் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். மே 12, 13 தேதிகளில் சுமார் 38 கிலோமீட்டர் கடற்கரை நெடுக குறைந்தது 12 கூவியர் அலகுத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. கூட்டமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாக. அலெக்சாண்டரோஸ் ஃபிரான்ட்சிஸ் 1998-ல் 'நேச்சர்' இதழில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சோதனையில் ஒலியின் அளவு 228 டெசிபல் வரை போனது. (ராக்கெட் சத்தத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். நீர் டெசிபலும் காற்று டெசிபலும் வேறு வேறு கரன்சி. அளவுகோல் வித்தியாசத்துக்கும் ஊடக வித்தியாசத்துக்கும் சேர்த்துச் சுமார் 62 கழிக்க வேண்டும். கழித்தாலும் பெரிய சத்தம்தான்.)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது ஏப்ரல் சோதனையின் பாவம் இல்லை, ஒற்றை மோடு சோதனையும் இல்லை. கருவியும் வேறு, இடமும் வேறு. ஆனால் ஏப்ரலில் ஒலியை ஊசிமுனையில் குவித்துக் காட்டிய அறிவும், மே மாதத்தில் அந்த ஒலி வேறு யார் காதுக்குப் போகிறது என்று கேட்காத பழக்கமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கெட்டிக்காரத்தனம் தானாகவே பொறுப்பைக் கொண்டுவரும் என்று நம்ப முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 கடல் பாலூட்டிகள் கரை ஒதுங்கியபோது அமெரிக்கக் கடற்படையே தன் சோனார்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அடுத்த வருடம் வெளிவந்த கூட்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அங்கே நிலைமையை மோசமாக்கியவற்றில் ஒன்று, மேல்நீரில் அமைந்திருந்த ஒலிக்குழாய் போன்ற அடுக்கு. ஒலி சிதறிப் போகாமல் அந்த அடுக்கு பொத்திப் பாதுகாத்து வெகுதூரம் கொண்டுபோனது. ஒலியைச் சிதறாமல் கொண்டுபோகும் வழி கிடைத்தால் நமக்கு லாபம், அதே வழியில் மாட்டியவர்களுக்கு நஷ்டம். பஹாமாஸில் இயற்கை தற்செயலாகச் செய்ததைத்தான் நாம் வரிசை கட்டித் திட்டமிட்டுச் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக ஆராய்ச்சியை மூட்டை கட்டு என்று சொல்ல நான் யார். கரையோரக் கடலில் பேட்டரியில் ஓடும் நீர்மூழ்கிகள் கிட்டத்தட்டச் சத்தமே போடுவதில்லை, அவற்றைக் கேட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஒலி அனுப்பித்தான் தேட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கடலடிக் கருவிகளோடு பேசுவதற்கும், தரையின் குணத்தை அறிவதற்கும்கூட ஒற்றை மோடு உதவும். கத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு நாகரிகமான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது, மிச்சம் பிடித்ததை அமைதியாகத் திருப்பிக் கொடுங்கள், தூரமாக மாற்றிக்கொள்ளாதீர்கள் என்பதுதான். தூரம்தான் வேண்டும் என்றால் அதையும் கணக்கில் எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி ஏற்கனவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் போட்ட கடல்சார் சட்டத்தில் நீருக்கடிச் சத்தத்தையும் மாசாகச் சேர்த்தது. 2022-ல் அதற்கு அளவுகளும் நிர்ணயித்தது. திடீர்ச் சத்தங்கள் என்றால், ஒரு நாளில் ஒரு கடற்பகுதியின் பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்படக் கூடாது, வருட சராசரியில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. கவனியுங்கள், இது டெசிபல் கணக்கல்ல, பரப்புக் கணக்கு. எவ்வளவு கத்தினாய் என்று கேட்கவில்லை, எவ்வளவு கடலை எடுத்துக்கொண்டாய் என்று கேட்கிறது. 314-ஐ 1256 ஆக்கினால் உடனே மாட்டிக்கொள்வோம். இந்த விதியை எழுதியவர்களில் யாரோ ஒரு நல்ல தணிக்கையாளர் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவையும் படித்துவிட வேண்டும். பாதுகாப்பு அல்லது தேசப் பாதுகாப்பு மட்டுமே நோக்கமாக உள்ள செயல்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. முடிந்தவரை ஒத்துப்போகும்படி நாடுகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி, அவ்வளவே. ஆக, எண்ணெய் தேடுகிறவர், தூண் அடிக்கிறவர் எல்லாரும் பரப்புக் கணக்கு காட்ட வேண்டும். செங்குத்து ஒலிபெருக்கி வரிசையைப் பெரிய அளவில் கடலில் இறக்கப் பணமும் காரணமும் உள்ளவர்கள் பெரும்பாலும் கடற்படைகள், அவர்களுக்கு மட்டும் விலக்கு. பெரிய கடன்காரரின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் கடனாளிகளையும் பேரேட்டில் எழுதின மாதிரி.

ராணுவ ரகசியத்தைக் கேட்கவில்லை ஐயா. எங்கே, எப்போது, எந்த அலைவரிசை என்று சொல்ல வேண்டாம். ஒரு வருடத்தில் மொத்தம் எத்தனை சதுர கிலோமீட்டர் கடலில், இன்ன அளவுக்கு மேல் சத்தம் விழுந்தது என்று ஒரே ஒரு எண். அதோடு, எந்த ஆழத்தில். ஒரே மோடைப் பிரித்து அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் இருக்காது, வரிசைக்கு அளவு போடும்போதே அவர்கள் திரையில் அது வந்துவிடுகிறது. அறைத்தோழனிடம் இதைச் சொன்னேன். "அதைப் போட ரெண்டு வரி புரோகிராம்தான்டா" என்றான்.